பொண்ணு வேணாம்னு சொன்ன ஈயும் பெருமாள் கோயில் இட்லியும்

இத எழுதவே வேணாம்னு தான் இருந்தேன். ஜெர்மனி போய்ட்டு வந்தவன்லாம் பனி, கோட்டை, சுத்தமான ரோடுன்னு எழுதித் தள்ளிட்டான். நான் வேற எதுக்கு? ஆனா போன வாரம் செவிலிமேடு பஸ் ஸ்டாப்புல ஒரு அண்ணன், "லோகுன்னு ஒருத்தன் வெளிநாட்டுல போய் ஈக்கு சாராயம் ஊத்தி போலீஸ்ல மாட்டிக்கினானாம்பா"ன்னு என்கிட்டயே சொன்னாரு. நான் தான் லோகுன்னு அவருக்குத் தெரியாது. அதுக்கப்புறமும் எழுதாம இருந்தா சரியா வராது. போலீஸ் வரல. சாராயம் ஊத்துனது நான் இல்ல. நான் போட்டது இட்லி.

மொதல்ல நான் எப்படி ஜெர்மனி போனேன்னு சொல்லிடறேன். எங்க பட்டுக்கடை ஓனரு அங்க ஒரு துணி எக்ஸ்போல ஸ்டால் போட்டாரு. சின்னதா ஒரு தறி வெச்சி, அதுல ஒரு ஆள் உக்காந்து நெய்யணும், ஜனங்க வேடிக்க பாக்கணும். பிள்ளையார்பாளையத்துல என்னவிட நல்லா நெய்யுறவங்க தெரு தெருவா இருக்காங்க. ஆனா அவங்கலாம் தறில உக்காந்தா தலைய தூக்க மாட்டாங்க. ஓனருக்கு பல்ல காட்டிக்கினே நெய்யுற ஆளு வேணும். அந்த வேலைக்கு ஊர்லயே நான் ஒருத்தன் தான்.

இப்ப டேனி. டேனியும் நானும் ஸ்கூல்ல ஒரே பெஞ்சு. நான் பத்தாவதோட பெஞ்ச விட்டு எறங்கிட்டேன், அவன் எறங்கவே இல்ல. படிச்சிக்கினே ஜெர்மனி வரைக்கும் போய்ட்டான். அங்க ஒரு லேப்ல வேல. ஊர்ல எஸ்தர்னு ஒரு பொண்ண அவனுக்கு பேசி வெச்சிருந்தாங்க. எஸ்தர் நர்சு. ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்குது, ரெண்டு வூட்டுக்கும் புடிச்சிருக்குது, சர்ச்சுல சொல்ல வேண்டியது தான் பாக்கி. அந்த நேரம் பாத்து பொண்ணோட அப்பா ஜெயராஜ் ஐயா, கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, வீடியோ கால்ல கேட்டாரு: "தம்பி, லேப்பு லேப்புன்றியே, அங்க இன்னா வேல?"

வேற எவனா இருந்தாலும் "ஆராய்ச்சி அங்கிள்"னு சொல்லி முடிச்சிருப்பான். டேனிக்கு பொய்யும் வராது, பாதி உண்மையும் வராது. "ஈ, எலி மாதிரி ஜீவனுக்கெல்லாம் ஆல்கஹால் குடுத்து, குடிச்சா இன்னா பண்ணுதுன்னு பாக்குறோம் அங்கிள்"னான்.

கால் கட் ஆயிடுச்சி. நெட்வொர்க் இல்லன்னு நெனச்சிக்கினான் டேனி.

டேனியோட அப்பா குடிச்சே போய் சேந்தவரு. செவிலிமேட்டுல அது தெரியாத ஆள் இல்ல. "அப்பன் அதுல செத்தான், புள்ள கடல் தாண்டி போய் அதுலயே வேல தேடிக்கினான்"னு ஜெயராஜ் ஐயா பேச்ச நிறுத்தி வெச்சிட்டாரு. நான் ஜெர்மனி போற சேதி காதுல விழுந்ததும் கூப்ட்டு அனுப்பினாரு.

"லோகு, அந்தப் பையன் ரூம்ல ரெண்டு மூணு நாள் தங்கு. குடிக்கிறானா இல்லையான்னு கண்ணால பாரு. வந்து சொல்லு. அப்புறம் தான் இந்தக் கல்யாணத்துக்கு நான் ஆமாவோ இல்லயோ சொல்வேன்."

"என்ன நம்புறீங்களா ஐயா?"

"உன்ன எவன்பா நம்புவான்? உன் வாயில எதுவும் தங்காது. எனக்கு அது போதும்."

வாசல்ல எஸ்தர் நின்னுக்கினு இருந்துச்சி. "ணா, குடிக்கிறாரான்னு பாக்கும்போது, வேளைக்கு சாப்புடுறாரான்னும் பாத்துட்டு வா"ன்னுச்சி. பாருங்க, ஒரே ஆளுக்கு ரெண்டு இன்ஸ்பெக்ஷன்.

எக்ஸ்போ பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு அம்மா என்ன ரொம்ப நேரம் பாத்துட்டு ஓனர்கிட்ட எதையோ கேட்டாங்க. இன்னான்னு கேட்டேன். "இவரு நெசமான மனுசனா, பொம்மையான்னு கேக்குறாங்கடா"ன்னாரு. அன்னிக்கு பூரா சிரிச்சி சிரிச்சி தாடை வலி.

சாப்பாடு தான் கொடும. காலைல ரொட்டி, மதியம் ரொட்டி, சாயங்காலம் வேற கலர்ல ரொட்டி. கடிச்சா பல்லு தான் யோசிக்கணும். நல்லவேளையா கெளம்பும்போது பெருமாள் கோயில் இட்லி வாங்கிக்கினு போயிருந்தேன். தெரியாதவங்களுக்கு சொல்றேன், இது ஓட்டல் இட்லி இல்ல. மூங்கில் கூடையில இலை போட்டு வேக வெச்சி, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய்யின்னு தூக்கலா போட்ட பிரசாத இட்லி. சீக்கிரம் கெடாது. ஓட்டல் ரூம்ல ஃப்ரிட்ஜ் இல்ல, ஆனா ஜன்னலுக்கு வெளிய ஊரே ஃப்ரிட்ஜா இருந்துச்சி. கவர்ல கட்டி அங்கயே தொங்க விட்டேன்.

எக்ஸ்போ முடிஞ்சதும் டேனி ஊருக்கு ரயில் ஏறுனேன். நல்ல சீட்டு, நல்ல ஜன்னல். எதிர்ல கோட்டு போட்ட ஒருத்தரு ஆபீஸ் பேக்ல இருந்து பீர் பாட்டில எடுத்து, லைட்டர் அடியால மூடிய தட்டித் தொறந்து, நம்ம ஊர்ல டீ குடிக்கிற மாதிரி குடிச்சிக்கினே பேப்பர் படிச்சாரு. யாரும் திரும்பிக் கூட பாக்கல. நான் மட்டும் தான் பாத்தேன். எனக்கும் ஒரு பாட்டில நீட்டுனாரு. "டூட்டில இருக்கேன் சார்"னேன். புரியல, ஆனா மரியாதையா தலைய ஆட்டுனாரு.

ஒரு ஸ்டேஷன்ல ரயில் நின்னு, ஏதோ அனௌன்ஸ் பண்ணாங்க. அவசர அவசரமா பாதி பேர் எழுந்து ஓடுறாங்க. நான் சொகுசா உக்காந்துக்கினு இருந்தேன். அப்புறம் தான் தெரிஞ்சது, அந்த ஸ்டேஷன்ல ரயில் ரெண்டா பிரியுது. முன் பாதி டேனி ஊருக்கு, பின் பாதி வேற எங்கயோ. நான் பின் பாதி. எங்க ஊர்ல பஸ்ஸு லேட்டா வரும், வராமயும் போவும், ஆனா நடு வழில பொளந்து பாதி உத்திரமேரூரு பாதி வந்தவாசின்னு போனதா நான் கேள்விப்பட்டதே இல்ல. பீர் சாரு தான் என்ன அடுத்த ஸ்டேஷன்ல எறக்கி, திரும்பிப் போற ரயிலுக்கு பிளாட்பாரம் காட்டிட்டு போனாரு. குடிச்சிருந்தவரு தெளிவா இருந்தாரு, குடிக்காத நான் தான் தப்பு ரயில்ல இருந்தேன்.

டேனி ஸ்டேஷன்ல நிக்கிறான். இளைச்சிருக்கான். கையில மஞ்சளா, நொரையா ஒரு பாட்டில்! என் ரிப்போர்ட் அங்கயே முடிஞ்சிதுன்னு நெனச்சேன். புடுங்கி மோந்து பாத்தேன். ஆப்பிள் ஜூஸ்ல சோடா.

"அவரு தான அனுப்புனாரு?"ன்னான்.

"எவரு?"

"நடிக்காதடா. ரூமுக்கு வந்து தலகாணிக்கு அடில வேணும்னாலும் பாத்துக்க."

பாத்தேன். அலமாரிய பாத்தேன். ஷூவுக்குள்ள பாத்தேன். அவங்கம்மா மேரிம்மா அனுப்புன மாங்கா ஊறுகாயும் அரிசியும் தான் இருந்துச்சி. வேளைக்கு சாப்புடல, அது மட்டும் ஊர்ஜிதம்.

மறுநாள் லேப்புக்கு கூட்டிக்கினு போனான். வெளிய விரைக்கிற குளிரு, ஈ ரூமுக்குள்ள நம்ம ஊரு வெயில். ஈக்கு அந்த சூடு தான் புடிக்குமாம். ஈன்னா பலகாரத்துல மொய்க்கிற பெரிய ஈ இல்ல, அழுகுன வாழப்பழத்துல சுத்துமே, கடுகுல பாதி சைஸ், அது. ரூம் பூரா கண்ணாடிக் குழா. ஒவ்வொண்ணுலயும் ஈ குடும்பம். புளிச்ச மாவு வாசன வேற. ஜெர்மனி வந்ததுல இருந்து அங்க தான் நான் மொத மொத வூட்ல இருக்குற மாதிரி மூச்சு வுட்டேன்.

"எல்லாத்துக்கும் ஊத்திக் குடுக்குறியாடா?"

"ஊத்தலடா. பக்கத்துல வெப்போம். எது குடிக்குது, எது வேணாங்குதுன்னு பாப்போம். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரகம்."

வெள்ளெலி, அதான் கன்னத்துல தீனிய அடக்கி வெச்சிக்குமே ஹேம்ஸ்டர், அது இருக்குற எடம் வேற பில்டிங். அங்க என்ன விடல, கம்ப்யூட்டர்ல காட்டுனான். ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் சரக்கு. வெள்ளெலி நேரா சரக்குக்கு போவுது. நல்லா குடிச்சிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி மீசைய தொடச்சிக்கினு நடக்குது. அதுக்கு கல்லீரல் அப்படி. "எங்க ஊர்ல இந்த மாதிரி ரெண்டு வட்டச் செயலாளர் இருக்காங்க"ன்னேன்.

சாதா எலிக்கு அந்தளவு ஆச கெடையாதாம். சர்க்கர கலந்து கெஞ்சணும். சுண்டெலில ஒரு வம்சம் விரும்பிக் குடிக்குமாம், இன்னொரு வம்சம் மோந்து பாத்துட்டு மூஞ்ச திருப்பிக்குமாம். குளவில ஒரு ரகம் எவ்ளோ குடிச்சாலும் அசையாதாம். மீனுக்கு கொஞ்சமா குடுத்தா வேகமா நீஞ்சுமாம், குடிக்காத மீனுங்க எல்லாம் அதும் பின்னாடியே போவுமாம். "அது எலெக்ஷன்ல நிக்கலாமே"ன்னேன். புல்லுல இருக்குற ஒரு எலி ரகம் ஜோடியாவே வாழுமாம். ஆனா ஆம்பள மட்டும் குடிச்சி பொம்பள குடிக்கலன்னா, அந்த ஆம்பளக்கு ஜோடி மேல இருந்த பிடிப்பு கொறஞ்சி போவுதாம்.

"நீ எத பாக்குற?"

டேனி ரெண்டு வரிசை குழாய காட்டுனான். ஒரு வரிச, ஜோடி கெடச்ச ஆம்பள ஈ. இன்னொரு வரிச, பொண்ணு வேணாம்னு தள்ளி விட்ட ஆம்பள ஈ. ஏற்கெனவே ஜோடி சேந்த பொண்ணு ஈகிட்ட இவன விட்டா, அது காலால ஒதச்சி அனுப்பிடும். நாள் கணக்கா ஒத வாங்க விட்டு, அப்புறம் குழால போட்டு, மெல்லிசான கண்ணாடி ஊசில ஒண்ணுல சாதா சாப்பாடு, ஒண்ணுல ஆல்கஹால் கலந்த சாப்பாடு தொங்க விடுவாங்க. ஒத வாங்கினது சரக்கு பக்கம் அதிகமா போவும். இது முன்னாடியே தெரிஞ்ச விஷயம் தானாம். அத திரும்ப செஞ்சி பாத்துட்டு, அதுங்க மூளைல இன்னா மாறுதுன்னு தேடறது தான் இவன் வேல.

"டேய், இது உன் கத"ன்னேன். அவன் சிரிக்கல.

"எங்கப்பாவும் பெரியப்பாவும் ஒரே பாட்டில்ல தான்டா குடிச்சாங்க. பெரியப்பா இன்னும் சைக்கிள் ஓட்டிக்கினு இருக்காரு. ஏன்டா?"

இட்லி கவர எடுத்தேன்.

"இங்க எதையும் தின்னாத லோகு"ன்னு சொல்லிட்டு அவன் ஏதோ மீட்டிங்குக்கு போய்ட்டான்.

இங்க தான் என் தப்பு ஆரம்பம். எங்க வூட்ல ஒரு பழக்கம் இருக்குது. கையில பிரசாதத்த பிரிச்சிட்டா, எதிர்ல எந்த ஜீவன் இருந்தாலும் அதுக்கு ஒரு துளி போடணும். நாய், காக்கா, மாடு, ஈபி லைன்மேன், யாரா இருந்தாலும். குடுக்காம மறுபடி மடிச்சி வெச்சா அது பிரசாதம் இல்ல, பார்சல். நான் கவர பிரிச்சிட்டேன். வாசன வந்துச்சி. ஒத வாங்குன ஈயெல்லாம் கண்ணாடி மேல வந்து என்னயே பாக்குது. டேனி தின்னாதன்னு தான் சொன்னான், குடுக்காதன்னு சொல்லல. குழா வாயில அடச்சிருந்த பஞ்ச லேசா தூக்கி, குழாய்க்கு ஒரு துணுக்கு இட்லி போட்டேன். கல்யாணம் ஆன வரிசைக்கு போடல. அவனுங்களுக்கு இன்னா கொற?

மறுநாள் காலைல டேனி கத்துறான். சந்தோஷத்துல! ஒத வாங்குன ஈ ஒண்ணு கூட சரக்க சரியா தொடல. ஜோடி கெடச்சதுங்க தான் அதிகமா குடிச்சிருக்குது. உலகமே சொன்னதுக்கு தலைகீழ். மேடத்துக்கு, அதான் அவனோட பெரிய புரொபசர் அம்மாக்கு, போன் போட்டு உடனே வாங்கன்னுட்டான். என் ப்ரெண்டு உலகப் புகழ் அடையறத பக்கத்துல நின்னு பாத்தேன். பெரும பிடிபடல. அப்ப அவன் ஒரு குழாய வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சான்.

"லோகு."

"இன்னாடா."

"இதுல ஏன்டா மிளகு இருக்குது?"

சொன்னேன். செவுத்துல சாஞ்சிட்டான். அந்த வரிசைய தயார் பண்ணவே ஒரு வாரம் ஆச்சாம். புளிச்ச மாவும் நெய்யும் கெடச்ச ஈ எதுக்கு சரக்க தேடப் போவுது? வயிறு ரொம்பி தூங்கிடுச்சிங்க.

நான் சொன்னேன்: "மச்சி, மேடம் வர்றதுக்குள்ள தொடச்சிடலாம். யாருக்குத் தெரியும்? நீ பெரிய ஆள் ஆயிடுவ." தறில ஒரு இழை அறுந்தா முடிச்சு போட்டு மறைக்கிறது எனக்கு பழக்கம் தான.

"ஒத்து, அந்தாண்ட போ"ன்னான்.

மேடம் ஓட்டமும் நடையுமா வந்தாங்க. வெள்ளத் தல, ஆம்பள செருப்பு. டேனி குழாய நீட்டி எல்லாத்தையும் அப்படியே சொன்னான். என்னயும் காட்டுனான். அந்தம்மா என்ன மேலயும் கீழயும் பாத்து ஏதோ சொன்னாங்க. டேனி மெதுவா தமிழ்ல சொன்னான்: "மொத்தத்தையும் கொட்டிட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இனிமே கதவுக்கு இந்தப் பக்கம் நீ வரக் கூடாது. என் வேலைய நீட்டிக்கிறத பத்தி அடுத்த மாசம் பேசலாமாம்."

அப்புறம் அந்தம்மா ரூமுக்கு வெளிய என்ன தள்ளிக்கினு போய், மிச்சம் இருந்த இட்லிய கேட்டு வாங்கித் தின்னாங்க. மிளகுல கண்ணு கலங்குச்சி. "ஈங்க மேல தப்பே இல்ல"ன்னாங்களாம்.

அன்னிக்கு வெளிச்சம் இருக்கும்போதே, லேப் ஆளுங்க எல்லாரும் ஆத்தங்கரை ஓட்டலுக்கு போனோம். அவங்க ஊரு ஆத்துல தண்ணி ஓடுது. நம்ம பாலாத்த நெனச்சேன், பேச்ச மாத்திக்கினேன். எவனோ ஒருத்தன் டேனி முன்னாடியும் ஒரு கிளாஸ் பீர் வெச்சிட்டான். டேனி அதயே பாத்துக்கினு இருந்தான்.

"வேலையும் தொங்குது. ஜெயராஜ் அங்கிளும் வேணாம்னு தான்டா சொல்வாரு"ன்னான். எடுத்தான். அர கிளாஸ் உள்ள போச்சி. வேப்பங்கொழுந்து தின்னவன் மாதிரி மூஞ்சி.

"இதுக்காகவாடா எங்கப்பா?"

அவ்ளோ தான் சொன்னான். கிளாஸ தள்ளி வெச்சிட்டான். மிச்ச அர கிளாஸ நான் குடிச்சேன்.

ப்ளேன்ல வர்ற வழி பூரா டேனி குடிச்ச அந்த அர கிளாஸ் நெனப்பு தான். சொன்னா கல்யாணம் போச்சி. சொல்லலன்னா, என் வாயில எதுவும் தங்காதுன்ற என் பேரு போச்சி. பேரு போனா போவுதுன்னு முடிவு பண்ணேன்.

ஊருக்கு வந்த மறுநாளே ஜெயராஜ் ஐயா வூட்டுக்கு போனேன். காபி வந்துச்சி. ஃபேன நிறுத்திட்டு கேட்டாரு, ஒரு வார்த்த கூட தவறக் கூடாதுன்னு.

"குடிக்கிறானா?"

"சொட்டு கூட இல்ல ஐயா."

"வாசன?"

"இருமல் மருந்து கூட தொட மாட்டான். பக்கத்து டேபிள்ல பாட்டில் தொறந்த சத்தம் கேட்டாலே எழுந்து போய்டறான்."

"ஓ. அப்புறம்?"

"கனவுல சாராயம் வந்தா கூட முழிச்சிக்குவான் ஐயா."

உள்ள எஸ்தர் சிரிப்ப அடக்கி அடக்கி பொரையேறிப் போச்சி. ஜெயராஜ் ஐயா அசையல.

"நீ ப்ளேன் ஏறறதுக்கு முன்னாடியே அவன் எனக்கு போன் பண்ணிட்டான்பா. அர கிளாஸ் குடிச்சேன் அங்கிள், மொத தடவ, நீங்க வேற யாரு வாயில இருந்தும் கேக்கக் கூடாதுன்னான். மீதிய யாரு குடிச்சதுன்னும் சொன்னான்."

காபி ஆறிப் போச்சி. நான் குடிக்கல.

"வாயில தங்காதுன்னு தான உன்ன அனுப்பினேன்? கரெக்டா இதுக்குன்னு பாத்து தங்க வெச்சிக்கினியே"ன்னு தலைல அடிச்சிக்கினாரு.

வேற வழி இல்லாம மொத்தத்தையும் சொன்னேன். வெள்ளெலி, மீன், ஈ, இட்லி, மேடம் முன்னாடி அவன் ஒண்ணையும் மறைக்காம சொன்னது, ஒரே பாட்டில்ல குடிச்ச அப்பா பெரியப்பா, எல்லாம். பெரியப்பா பேச்சு வந்ததும் ஐயா நிமுந்தாரு.

"அவங்க ரெண்டு பேரும் என் பஸ்ல தான்பா வருவாங்க. பெரியவன் ஜம்முன்னு கத பேசிக்கினு வருவான். சின்னவன் கடைசி சீட்டுல கெடப்பான். நான் தான் தூக்கி எறக்குவேன். அப்பன கூட்டிக்கினு போவ இந்தப் பையன் ஸ்டாப்புல நிப்பான், ஸ்கூல் பேக்கோட." என் பக்கம் திரும்புனாரு. "அது ஏன் அப்படின்னு தான் ஈகிட்ட கேட்டுக்கினு இருக்கானா?"

"ஆமா ஐயா."

"ஈ சொல்லுச்சா?"

"சொல்லியிருக்கும். நான் இட்லி போட்டதுல ஒரு வாரம் லேட்டு."

எஸ்தர் வெளிய வந்துச்சி. "ணா, அந்த ஈ எப்ப குடிக்குதுன்ன?"

"பொண்ணு வேணாம்னு சொன்னப்புறம்."

"நான் வேணாம்னு சொன்னேனா?"

"இல்லமா."

"அப்பா சொன்னாரா?"

"இன்னும் இல்ல."

"அப்ப உன் ப்ரெண்டு எதுக்கு அவசரப்பட்டு குடிச்சாரு? ஈக்கு இருக்குற பொறும கூட இல்லையா?"

ஜெயராஜ் ஐயா சிரிச்சி அன்னிக்கு தான் பாத்தேன். பாதி பல்லு தான் இருக்குது. எழுந்து ஃபேன போட்டாரு. "மேரிம்மாவ ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சதும் இங்க சாப்புட வர சொல்லு. தேதி பேசணும். நீ வராத"ன்னாரு.

செருப்பு மாட்டறதுக்குள்ள டேனிக்கு மெசேஜ் அடிச்சேன்: "ஐயா சரின்னுட்டாரு. உனக்கு ஈயளவு பொறும கூட இல்லன்னு எஸ்தர் திட்டுது. நீயே போன் போட்டு சொல்லிட்டு என்ன ஏன்டா பொய் சொல்ல விட்ட?" நான் தெரு முனைக்கு வந்தப்புறம் தான் பதில் வந்துச்சி.

"டேய், நான் அழுதுக்கினு இருக்கேன்டா, ஈங்க எல்லாம் என்னயே பாக்குது."